புல்லட் பக்தரும் லீவு கணக்கும்

நாற்பதை நெருங்கும் வயது, மாதம் தவறாத சம்பளம், டியூஷனுக்குத் தாமாகவே போய்வரும் பிள்ளைகள். இந்த மூன்றும் கூடிவந்த ஆண்களில் சிலருக்குத் திடீரென்று லடாக் போகவேண்டும் என்று தோன்றும். லடாக் இல்லாவிட்டால் தனுஷ்கோடி, அதுவும் இல்லாவிட்டால் கொல்லிமலை. புது வண்டிக்குக் கை எட்டாது என்பதால் அவர்களில் ஒருவர் பழைய வண்டி தேடி இறங்குகிறார். ஒரு பக்கம் 2021க்குப் பின் வந்த கிளாசிக் 350, முதல் ஓனர், சர்வீஸ் புத்தகம் சகிதம் நிற்கிறது. மறுபக்கம் திருவொற்றியூர் ஆலையில் 1980களில் பிறந்த, வலது காலில் கியர் போடும் காஸ்ட் அயர்ன் புல்லட். நம்மவர் முதலாவதை ஒருமுறை சுற்றிவருவார். இரண்டாவதன் முன் கைகட்டி நிற்பார். அந்த நிமிடமே அவர் புல்லட் பக்தர் ஆகிவிட்டார். அவர் தேர்வில் பிழையில்லை. பயணம் போவதற்காகவே அதைத் தேர்ந்தேன் என்கிறாரே, அதைத்தான் நம்ப முடியவில்லை.

அவருடைய முதல் வாதம், "பழைய இரும்புல இருக்கிற இழுவை இப்ப எதுலங்க இருக்கு?" என்பது. பழைய 350இன் என்ஜின் 346 சிசி, சுமார் 18 குதிரைத்திறன். இன்றையது 349 சிசி, 20க்குச் சற்று மேல். இத்தனை ஆண்டுகளில் கூடியவை இரண்டே குதிரைகள். ஆகவே ஓடுவதில் பெரிய வழக்கு இல்லை, வழக்கெல்லாம் நிற்பதில்தான். நிறுத்தும்போது நிற்க வேண்டும், நிறுத்தாதபோது நிற்கக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளையும் பழைய வண்டி தன் விருப்பப்படியே கடைப்பிடிக்கும். புதியதில் முன்சக்கரத்துக்கு 300 மில்லிமீட்டர் டிஸ்க். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிகளுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம். பழையதில் இருப்பது டிரம் பிரேக். பின்னால் மனைவியும் இருபுறமும் பைகளுமாகக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், டிரம் சூடேறிப் பிடிப்பு தளரும். "கியர்ல இறக்கணும்ங்க, பிரேக் எதுக்கு?" என்பார் பக்தர். முறை அதுதான். ஆனால் எதிரே ஏறிவரும் பேருந்து அந்த முறைக்கெல்லாம் காத்திருப்பதில்லை.

லடாக்குக்கும் இதே கணக்குதான். கர்துங்லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறையப் பாதி. காற்று மெலிந்ததை அறியாத கார்புரேட்டர் கீழே ஊற்றிய கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றும். என்ஜின் திணறும், சைலன்சர் கறுப்பாகப் புகை கக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டி சென்சாரைக் கேட்டுப் பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். "அந்தக் காலத்துல இதுலதானே எல்லாரும் லடாக் போனாங்க?" என்று கேட்கலாம். போனார்கள், வேறு வண்டி இல்லாததால் போனார்கள். மாட்டுவண்டியில் காசிக்குப் போனவர்களும் உண்டு. அதற்காக யாரும் ரயில் டிக்கெட்டை ரத்து செய்வதில்லை.

பக்தரின் உண்மையான நோக்கம் தெரியவேண்டுமானால் அவர் பையைத் திறந்து பார்க்க வேண்டும். கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், இரண்டு பிளக், ஒரு பாயின்ட் செட், கண்டன்சர், செயின் லாக், செப்புக் கம்பி. இவற்றுக்கு நடுவே இடம் கிடைத்தால் ஒரு சட்டை. போகும் வழியைக் கோயிலையோ அருவியையோ பார்த்து அவர் வகுப்பதில்லை. "திருச்சியில பாய் இருக்காரு, சேலத்துல அண்ணாச்சி இருக்காரு" என்று மெக்கானிக்குகளைப் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறார். வண்டியைக் கிளப்புவதும் ஒரு வைபவம். டிகம்ப்ரஸரைப் பிடித்து, கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் கணத்தைப் பார்த்து, பிறகு ஓங்கி ஒரு மிதி. அதற்குள் டீக்கடையில் பாதிப் பேர் எழுந்து வந்துவிடுவார்கள். ஒரு பெரியவர் டேங்கைத் தடவி, "எங்க அப்பா வச்சிருந்தார் தம்பி, இதே வண்டி" என்பார். டீக்குக் காசு வாங்கமாட்டார்கள். ஐந்து வயது கிளாசிக்கில் வந்திறங்கியவரை அதே கடையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் சரியாகப் பதினைந்து ரூபாய் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார். பக்தர் பணம் கொடுத்து வாங்கியது அந்தப் பெரியவரைத்தான். வண்டி இலவச இணைப்பு.

இதை அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். ஆனால் வாங்கி ஒரு வருடத்தில் அவர் செய்யும் காரியங்களே சாட்சி சொல்கின்றன. முதலில் பாயின்டைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன். பிறகு, ராத்திரியில் ரோடு தெரியவில்லை என்று எல்.இ.டி. விளக்கு. அப்புறம் முன்சக்கரத்துக்கு டிஸ்க். முழங்கால் வலி வந்த மாதத்தில் செல்ஃப் ஸ்டார்ட்டர் பற்றியும் ரகசியமாக விசாரிப்பார். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே புத்திசாலித்தனமான மாற்றங்கள். கூட்டிப் பார்த்தால், அன்று வேண்டாமென்று விட்டுவந்த கிளாசிக்கை அவர் தவணை முறையில் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

அவர் தரப்பில் உண்மையே இல்லையா என்றால், உண்டு. இன்ஜெக்‌ஷன் வண்டியில் பேட்டரி செத்தால் வண்டியும் செத்தது. 2021 கிளாசிக்கில் உதைத்துக் கிளப்பக் கிக்கர்கூடக் கிடையாது. பழையதில் கோளாறு கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். உதிரிபாகங்கள் புதுப்பேட்டையில் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் அசல் எது, போலி எது என்று பிரித்துச் சொல்லவும் டேப்பட் சத்தத்தைக் காதால் கேட்டே சரிசெய்யவும் தெரிந்த கைகள் தலைமுறைக்குத் தலைமுறை குறைகின்றன. பேட்டரியையோ கிளம்புவதற்கு முன்பே சோதித்துவிடலாம். "விலை ஏறுமுங்க, இது முதலீடு" என்பது அடுத்த வாதம். ஏறலாம். ஏறுவது ஓடாத, கீறல் விழாத, எதையும் மாற்றாத வண்டிக்கு. முதலீடு என்றால் போர்வை போர்த்தி வைக்க வேண்டும். பயணம் என்றால் புழுதியில் இறக்க வேண்டும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தத்தின்படி, 50 ஆண்டு கடந்து, அசல் உருவம் மாறாத வண்டியை விண்டேஜ் என்று பதிந்துகொள்ளலாம். பதிந்தபின் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம்; அன்றாட ஓட்டத்துக்குக் கூடாது. பக்தர் ஏற்கெனவே பெரும்பாலும் பெட்ரோல் போடவும் பழுதுபார்க்கவும்தான் போய்வருகிறார் என்பதால், அவர் வண்டி அந்த வயதை எட்டினாலும் அவருக்கு இது பெரிய கட்டுப்பாடாக இராது. அந்தப் பெட்ரோலிலும் இப்போது 20 சதவீதம் எத்தனால். பழைய வண்டியின் ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

ஆகவே வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: எத்தனை நாள் லீவு? நாலு நாள் லீவில் நாலு ஊர் பார்க்கவேண்டுமென்றால் ஐந்து வயது வண்டி. அதிலும் சேஸிஸ் அடிபட்டிருக்கிறதா, ஆர்.சி.யில் கடன் பாக்கி இருக்கிறதா, மீட்டர் சொல்லும் கிலோமீட்டரை டயர் ஆமோதிக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும். ஓய்வுபெற்றவர், அல்லது போய்ச்சேராவிட்டாலும் கவலைப்படாதவர், தாராளமாகப் பழைய புல்லட் வாங்கலாம். பக்தருக்கே இது உள்ளூரத் தெரியும். அதனால்தான் தனியாக ஒருநாளும் கிளம்பமாட்டார். செகண்ட் ஹேண்ட் கிளாசிக் வைத்திருக்கும் நண்பர் ஒருவரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்வார். கயிறு அந்த நண்பரின் பையில் இருக்கும். மெக்கானிக்கை அழைத்துவரப் போவதும் அவர்தான். திரும்பி வந்தபின், "என் வண்டி லடாக் வரைக்கும் போயிட்டு வந்துடுச்சு" என்று பக்தர் சொல்லும்போது பக்கத்தில் மறுக்காமல் நிற்பதும் அவரே.