ஐந்து நிமிஷ தூரம்: வலங்கைமான் வட்டத்து மனைத் தரகியல் குறித்துச் சில துணிபுகள்

கல்வெட்டியலுக்குத் துறை இருக்கிறது. சுவடியியலுக்கும் இருக்கிறது. இடம் கைமாற்றி விடுகிறவர்களின் வாய்மொழி மரபை ஆராய மட்டும் ஒரு நாற்காலிகூட இல்லை. அக்குறையைத் தீர்க்க எழுந்ததே இக்கட்டுரை. களம், திருவாரூர் மாவட்டம் வலங்கைமான். ஆய்வுக்கூடம், கடைத்தெரு டீக்கடை. கருதுகோள் ஒன்றே ஒன்றுதான்: புதிதாகத் தொழிலுக்கு வரும் புரோக்கருக்கு மாட்டும் முதல் பார்ட்டி அவரேதான். சிறு முதலீட்டாளர் என்பவர் தனி இனம் அல்லர். தான் பேசியதைத் தானே நம்பிவிட்ட புரோக்கர்.

வலங்கைமானைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்று வெள்ளைக்காரர்களே கொண்டாடிய வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1869இல் பிறந்தது இங்கேதான். அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் 'வி' இந்த ஊர்தான். நாவன்மை குடமுருட்டித் தண்ணீரில் கலந்து வருகிறது என்பதை நிறுவ இயலவில்லை. ஆனால் மதியம் மூன்று மணிக்கு மேல் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தவர் எவரும் அதை மறுத்ததும் இல்லை.

துறையின் தொன்மை பற்றி. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தபோது, பெண் யானை ஒன்றை நடத்தி எல்லை வகுத்து, கல்லும் கள்ளியும் நட்டார்கள். பிடி சூழ்தல் என்று இதற்குப் பெயர். இன்றைக்குப் 'பார்ட்டிக்கு இடம் காட்டுறது' என்கிறோமே, அதன் மூலவடிவம் இதுதான் என்பது என் துணிபு. பிடியின் இடத்துக்கு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வந்தது, கள்ளியின் இடத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்த கல் வந்தது. பிடியிடம் இருந்த ஒரே நற்குணம், அதற்குப் பேச வராது.

பழங்காலத்தின் இன்னொரு எச்சம் கிரயப் பத்திரத்தில் உயிரோடு இருக்கிறது. நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று பூமிக்கு அடியில் கிடக்கும் புதையல் வரைக்கும் வாங்குகிறவருக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மனைக்குப் போகும் பாதை மட்டும் சில பத்திரங்களில் விட்டுப்போகிறது.

இன்றைய புரோக்கருக்கு நேர் முன்னோர் இருவர். முதலாமவர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசிய மாட்டுத் தரகர். டிராக்டர் வந்து அவர் பிழைப்பைக் கெடுத்தது. இரண்டாமவர் நெல் தரகர். 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கி, ஊருக்கு ஊர் நேரடிக் கொள்முதல் நிலையம் வந்ததும் அவரும் ஓரமாய் ஒதுங்கினார். இருவருடைய பிள்ளைகளும் இப்போது வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்புகிறார்கள்.

இனி அளவியல். புதியவர் முதலில் தடுக்கி விழும் இடம் இது. 144 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. சென்னைப் பார்ட்டி கிரவுண்டில் கேட்பார். ஒரு மா சரியாக ஆறு கிரவுண்டு, பிசகே கிடையாது. வம்பு சென்ட்டில்தான் முளைக்கிறது. ஒரு மா என்றால் 33 சென்ட் என்று வாய்க்கணக்கு. பெருக்கிப் பார்த்தால் 14,400 சதுர அடிக்கு 25 சதுர அடி குறைகிறது. டெல்டாவின் வரப்புச் சண்டைகளில் பாதி இந்த 25 சதுர அடியைத் தேடிக் கிளம்பியவர்களால் வந்தவை என்று கருத இடமிருக்கிறது. மீதிப் பாதி, வேலியை மாட்டுக்குப் போடாமல் மச்சானுக்குப் போட்டதால் வந்தவை.

தூரத்துக்கு ஒரே அலகுதான்: ஐந்து நிமிஷம். "பஸ் ஸ்டாண்டுலேர்ந்து அஞ்சு நிமிஷம் சார்." இது நேரத்தைக் குறிப்பதன்று, கேட்பவர் எங்கே இருக்கிறார் என்பதைக் குறிப்பது. உள்ளூர்க்காரரிடம் சொன்னால் இரண்டு தெரு. சிங்கப்பூரிலிருந்து போனில் பேசும் பார்ட்டியிடம் கும்பகோணமே ஐந்து நிமிஷம்தான். ஆலங்குடிக் குரு கோயிலும் ஐந்து நிமிஷத்துக்குள் வந்துவிடும். அப்புறம் மனை எந்தத் திசை பார்த்தால் என்ன, குரு பார்க்கிறாரே. எதிர்காலத்துக்கும் இதே அலகைப் பயன்படுத்துகிறார்கள். கும்பகோணம் மாவட்டம் ஆகட்டும், 2028 மகாமகம் வரட்டும், அப்புறம் விலையைப் பாருங்கள் என்பார்கள். மகாமகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருப்பதால் இந்த ஆரூடம் ஒருநாளும் பொய்ப்பதில்லை, தள்ளித்தான் போகிறது.

பருவம் பற்றி ஒரு குறிப்பு. ஐப்பசியில் இடம் காட்டினால் முழங்கால் தண்ணீர் நிற்கும். "தண்ணி வசதிக்குப் பஞ்சமே இல்ல" என்பார். சித்திரையில் அதே இடம் வெடித்துக் கிடக்கும். "மேட்டு நெலம் சார், மழைக்கு நிக்காது" என்பார். அறுவடை முடிந்த மாசி முதல் ஜூன் 12 மேட்டூர் திறப்பு வரை நல்ல பருவம். நடுவில் பங்குனியில் மாரியம்மன் கோயில் பாடைக் காவடிக்கு வெளியூர்க்காரர்கள் எல்லாரும் ஊர் திரும்புகிறார்கள். பிழைத்து எழுந்தவர்கள் நேர்த்திக்கடனாகப் பாடையில் படுத்து வந்து, சந்நிதியில் எழுந்து உட்காரும் விழா அது. தை மாதமே செத்துப்போன வியாபாரங்களும் அந்த வாரத்தில்தான் எழுந்து உட்காருகின்றன.

இதுவரை சொன்னது முன்னுரை. தரகியலின் மையப் பொருள் நிலம் அல்ல, அத்தை.

புதியவர் பட்டா பார்க்கிறார், சிட்டா பார்க்கிறார், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். எல்லாம் சுத்தம். பட்டாவில் தாத்தா பெயர், எண்பதுகளின் யூ.டி.ஆர். நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பில் ஓர் எழுத்துப் பிழையோடு ஏறியது. தாத்தாவுக்கு மூன்று மகன்கள், மூவரும் கையெழுத்துப் போடத் தயார். அட்வான்ஸ் கைமாறப் போகிறது. திண்ணையில் சுருணைத் துணியோடு வந்த பாட்டி ஒருவர் போகிற போக்கில் கேட்கிறார்: "ஏம்ப்பா, திருச்சியில குடுத்தோமே, அவளக் கேட்டீங்களா?" திண்ணையில் பேச்சு நின்றுவிடுகிறது. பெரிய மகன் தோள் துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொள்கிறார். "அதுக்கென்ன, கட்டிக் குடுத்தாச்சே" என்கிறார்.

ஆகவில்லை. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டம், அப்போது கல்யாணமாகாத மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் சம பங்கு தந்தது. 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் கல்யாணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. 2005இல் அப்பா உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியே வேண்டாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. இம்மூன்று ஆண்டுகளையும் புதியவர் மனப்பாடம் செய்ய வேண்டும்; அதைவிட, எந்த வீட்டுப் பெண்ணை எந்த ஊரில் கொடுத்தார்கள் என்பதை. அனுபவசாலிகள் தாய்ப்பத்திரம் கேட்பதற்கு முன்னால் கல்யாணப் பத்திரிகை கேட்கிறார்கள். புலப்படம் தாலுகா ஆபீசில் கிடைக்கும். வம்சப்படத்துக்குப் பாட்டிகளை விட்டால் கதியில்லை.

மனைப்பிரிவு விற்கிறவர்களின் கதை வேறு, சுருங்கச் சொல்லலாம். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபிறகு ஷாமியானாவும் இலவச வேனும் குறைந்தன. நஞ்சையை மனையாக்க ஆட்சியரின் இசைவு வேண்டும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவான மனைப்பிரிவை விற்றுத் தருகிற ஏஜென்ட்டும் ரெராவில் பதிய வேண்டும். இந்த மூன்றாவது விதியைச் சொன்னபோது ஆய்வுக்கூடத்தில் இருமல் சத்தம் கேட்டது.

இப்போது கருதுகோளுக்கு வருவோம். புதியவர் ஒரு மனையை எல்லாரிடமும் காட்டுகிறார். காட்டக் காட்ட வர்ணனை மெருகேறுகிறது. யாரும் வாங்கவில்லை. அவருக்கே ஆச்சரியம்: இவ்வளவு நல்ல இடத்தை ஏன் விடுகிறார்கள்? ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல் புரண்டு, மறுநாள் நல்ல நேரம் பார்த்து, ஐந்து லட்சத்துக்கு அவரே முடித்துவிடுகிறார். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 45,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. ஆகவே வீட்டம்மா பெயரில். ஐயாயிரம் மிச்சம் என்று அவர் சொல்ல, நாற்பதாயிரம் எங்கே போச்சு என்று வீட்டம்மா கேட்கிறார். வாங்குகிற பக்கத்துக் கமிஷனை யாரிடம் கேட்பது என்ற சிக்கலும் அன்றைக்குத்தான் அவருக்குப் புரிகிறது.

இரண்டு வருஷம் கழித்துப் பெண் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும். தன் மனையைத் தானே விற்றால் பார்ட்டி சந்தேகப்படும் என்பதால், நேற்று தொழிலுக்கு வந்த ஒரு தம்பியிடம் ஒப்படைக்கிறார். தம்பி இடத்தைச் சுற்றி வந்து, "அண்ணே, தெருக்குத்து இருக்கே. பாதையும் பத்தடிதான் வருது" என்கிறான். அண்ணன் அரை மணி நேரம் பேசுகிறார். தம்பியின் கண் மெல்ல மெல்ல விரிகிறது. போகும்போது, "நீங்க என்ன வெலைக்குண்ணே முடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

புரோக்கர் சொத்தைப் புரோக்கர் முடித்துக் கொடுத்தால் கமிஷன் உண்டா என்பதில் அறிஞர்கள் வேறுபடுகிறார்கள். தொழில்காரனுக்குள் என்ன கமிஷன், டீயோடு சரி என்பது ஒரு சாரார் கொள்கை. இரண்டு சதவீதத்தில் பைசா குறையக் கூடாது, இடத்தின் லட்சணம் தெரிந்தும் வாய் கூசாமல் பேச வேண்டியிருக்கிறதே என்பது மறுசாரார் வாதம். முன்னவர்கள் எல்லாரும் விற்க வந்தவர்களாகவும், பின்னவர்கள் எல்லாரும் விற்றுத் தருகிறவர்களாகவும் இருந்தபடியால் இரு தரப்புச் சான்றுகளையும் இவ்வாய்வு ஏற்கவில்லை.