பிள்ளைக்கும் உண்டு அனுபவ பாத்தியதை

இந்து திருமணச் சட்டத்தில் 21பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது அது. இடைக்கால ஜீவனாம்ச மனுவில் சட்டத்துக்கு இன்னும் அவசரம்: 60 நாள் கெடு, 2001-ல் திருத்தம் கொண்டுவந்தே போட்டார்கள். விசாரணை நடக்கும்போது ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது என்று சிவில் நடைமுறைச் சட்டமும் தன் பங்குக்குச் சொல்லி வைத்திருக்கிறது. இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் அச்சடித்துக் குடும்பநல நீதிமன்ற வாசலில் மாட்டலாம். காலையிலிருந்து காத்துக்கிடக்கிறவர்களுக்குச் சிரிக்க ஏதாவது வேண்டாமா?

உள்ளே நடப்பது இதுதான். பத்தரைக்குப் பெயர் கூப்பிடுகிறார்கள். இரண்டு பெயரையும் தப்பாகவே கூப்பிடுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் ஒன்றாக அச்சான பெயர்கள் என்பது யாருக்கு ஞாபகம்? எதிர்மனுதாரர் வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார். அல்லது பதில் மனுவுக்கு டைம் வேண்டும். அல்லது கவுன்சிலிங் ரிப்போர்ட் வரவில்லை. அல்லது நீதிபதி மாற்றலாகிப் போய்விட்டார், இன்சார்ஜ் நீதிபதி வாய்தா மட்டும்தான் போடுவார். அல்லது வக்கீல்கள் புறக்கணிப்பு. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்ததும் வராந்தாவில் வக்கீல் டைரியைத் திறக்கிறார்.

"அம்மா, அடுத்த வாய்தா ஜூலை பதினாலு."

"அதுவரைக்கும் ஸ்கூல் பீஸுக்கு என்ன சார் பண்றது?"

"அதுக்குத் தனியா ஒரு ஐ.ஏ. போட்டுடலாம்மா."

ஐ.ஏ. என்கிற அந்த இடைக்கால மனுவுக்கும் பதில் மனு உண்டு. அந்தப் பதில் மனுவுக்கும் டைம் உண்டு.

1984-ல் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் வந்தபோது அதைக் கொண்டுவந்தவர்களுக்கு நல்ல எண்ணம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். வக்கீல் வைத்துக்கொள்வது அங்கே யாருக்கும் உரிமை கிடையாது. 13-ஆம் பிரிவைப் பாருங்கள். கணவனும் மனைவியும் நேராகப் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. ஆகவே முதல் காரியமாக, வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு ஒரு மனு போடப்படுகிறது. அதை எழுதித் தருபவர் வக்கீல். அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு, நீதிபதிகளாக வருகிறவர்கள் திருமணம் என்ற அமைப்பைக் காப்பதில் பற்றுள்ளவர்களாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. மூக்கு உடைந்து தையல் போட்ட பெண்ணிடம், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கக்கூடாதாம்மா?" என்று கவுன்சிலர் கேட்பது அவருடைய சொந்தக் குணம் என்று நினைத்துக் கோபப்படாதீர்கள். கேள்வி சட்டத்திலிருந்தே வருகிறது.

இந்த அமைப்பின் மகுடம் இந்து திருமணச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு: சேர்ந்து வாழக் கோரும் மனு. இங்கிலாந்து சர்ச் கோர்ட்டுகளிலிருந்து வந்த சரக்கு. விற்றவனே 1970-ல் கடையை மூடிவிட்டான். வாங்கிய நாம் இன்னும் வைத்திருக்கிறோம். 1983-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் இது செல்லாது என்றது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் செல்லும் என்று உயிர் கொடுத்தது. மனைவி ஜீவனாம்சம் கேட்ட மறு வாரம், அதுவரை போன்கூட எடுக்காத கணவனுக்குத் திடீரென்று காதல் பொங்கி, "என் மனைவியை என்னோடு வாழ அனுப்புங்கள்" என்று மனு போடுகிறான். 'நான் கூப்பிட்டேன், அவள்தான் வரவில்லை' என்று ஜீவனாம்சத்தைக் குறைக்க இதைவிட மலிவான வழி இல்லை. தீர்ப்பு கிடைத்து அவள் வராவிட்டால் அவள் சொத்தை ஜப்தி செய்யலாம். ஒரு வருஷம் சேர்ந்து வாழாமலே போனால், அதையே காரணம் காட்டி விவாகரத்தும் கேட்கலாம். சேர்த்து வைக்கும் சட்டம் எவ்வளவு அழகாகப் பிரித்துவைக்கிறது பாருங்கள்.

சரி, இருவரும் வளர்ந்தவர்கள், அடித்துக்கொண்டு சாகட்டும் என்றே விட்டுவிடலாம். பிள்ளை?

நிலம் ஒன்றைப் பன்னிரண்டு வருஷம் ஒருவன் பகிரங்கமாக, உரிமையாளனுக்கு எதிராக அனுபவித்து வந்தால், அதைத் திரும்பக் கேட்கும் உரிமை உரிமையாளனுக்குப் போய்விடும். 1963-ஆம் ஆண்டு கால வரையறைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. குழந்தைக்கு அத்தனை வருஷம் தேவையில்லை, மூன்றே போதும். சண்டை முற்றிய இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறியவர் யாரோ அவருக்குத்தான் பாதி வழக்கு. மீதிப் பாதியை வாய்தா பார்த்துக்கொள்ளும். கஸ்டடி மனு இறுதி விசாரணைக்கு வரும்போது பிள்ளை அங்கேயே பள்ளிக்கூடம் சேர்ந்து, அங்கேயே நண்பர்களைப் பிடித்து, மற்றவர் முகத்தை மறந்திருக்கும். பழகிய சூழலிலிருந்து பெயர்த்தெடுப்பது குழந்தையின் நலனுக்கு ஆகாது என்று நீதிமன்றம் கனிவோடு சொல்லும். அது பொய்யில்லை. அந்தச் சூழல் பழகும்வரை பார்த்துக்கொண்டிருந்தது யார் என்பதுதான் தீர்ப்பில் வராது. காப்பாளர் சட்டம் 1890-ல் வெள்ளைக்காரன் போட்டது. மைனரின் உடலுக்கும் மைனரின் சொத்துக்கும் ஒரே புத்தகம். நாம் ஒரு படி மேலே போய் இரண்டுக்கும் ஒரே நடைமுறையை வைத்துக்கொண்டோம்.

ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் காப்பாளர் சட்டம் சொல்கிறது. அதைச் சொல்லும் பிரிவிலேயே, இயற்கைக் காப்பாளர் முதலில் தந்தை, அவருக்குப் பிறகு தாய். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் இதற்குத் தாராளமாகப் பொருள் சொல்லி, தந்தை உயிரோடு இருக்கும்போதே தாயும் காப்பாளராகலாம் என்றது. சட்டப் புத்தகத்தில் அந்த வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. 2015-ல் சட்ட ஆணையம் 257-ஆவது அறிக்கையில் தாய் தந்தை இருவருக்கும் சம உரிமை, கூட்டுப் பொறுப்பு என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தது. வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை நீதிமன்ற வளாகத்துக் குழந்தைகள் அறையைப் போய்ப் பாருங்கள். சுவரில் மிக்கி மவுஸ், காலுடைந்த குதிரை பொம்மை, கதவருகே போலீஸ்காரம்மா. அப்பா ஷூ வாங்கி வந்திருக்கிறார். பிள்ளையைக் கடைசியாக வீட்டில் பார்த்தபோது இருந்த அளவு. காலில் ஏறவில்லை. குதிகாலைப் பிடித்து அமுக்கிப் பார்க்கிறார். பிள்ளை "வலிக்குது அங்கிள்" என்கிறது. இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மணி செல்போன் கேமில் போகிறது. வெளியே பெஞ்சில் அம்மா உட்கார்ந்து மணி பார்க்கிறாள். அடுத்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மெடிக்கல் சர்டிபிகேட் வரும். அதற்கடுத்த வாரமும். சனிக்கிழமைக்கு மட்டும் வரும் அந்தக் காய்ச்சலுக்கு எந்த டாக்டரும் மருந்து எழுதியதில்லை, சர்டிபிகேட் மட்டும் எழுதுகிறார். உத்தரவை மீறுகிற தாய்களும் உண்டு, நோட்டீஸ் வந்த மறுநாளே வேலையை விட்டுவிட்டு 'எனக்கு வருமானமே இல்லை' என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் தந்தைகளும் உண்டு. இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரே விஷயம், கேட்பார் யாரும் இல்லை என்பது.

கடைசியில் நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்குள் கூப்பிடுகிறார். உனக்கு அம்மா பிடிக்குமா, அப்பா பிடிக்குமா? கல்யாண வீட்டில் பல் குத்திக்கொண்டு மாமாக்கள் கேட்கும் கேள்வி. அங்கே பதில் சொன்னால் சாக்லேட் கிடைக்கும்.

கெடுவுக்கு மதிப்புள்ள இடமும் உண்டு. வீட்டுக்கு வருவோம், அதாவது வீட்டு வரிக்கு. தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரியை அரையாண்டுக்கு ஒரு முறை கட்ட வேண்டும். முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். கெடு தாண்டினால் மாதம் 1 சதவீதம் சேர்த்துக் கட்டு. இங்கே யாருக்கும் வாய்தா கிடையாது. கம்ப்யூட்டரே போட்டுத் தள்ளிவிடும். கணவன் பெயரில் வரி, அவன் போய் இரண்டு வருஷம், நோட்டீஸ் ஒட்டுவது அவள் கதவில். பதிவுத் துறை இன்னும் கறார். கணவன் மனைவிக்கு வீட்டைத் தானமாக எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. விவாகரத்துத் தீர்ப்புக்குப் பிறகு எழுதினால் அவள் அந்நியள். 7 சதவீதம் எடு. உறவு எப்போது அறுந்தது என்று நீதிமன்றம் பத்து வருஷமாகக் கண்டுபிடிக்க முடியாமல் திணறுகிறது. சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸுக்கு நாள், கிழமையோடு தெரிகிறது.

அந்த மாதம் 1 சதவீதத்தை மறந்துவிடாதீர்கள். மாநகராட்சிக்குத் தர வேண்டிய பாக்கி வளரும். பிள்ளைக்குத் தர வேண்டிய ஜீவனாம்ச பாக்கி வளராது. மூன்று வருஷம் இழுத்தடித்துவிட்டு அசலைக் கட்டினால் கனவான். இதைவிட ஒரு அநியாயமும் உண்டு. பாக்கியை வசூலிக்க, அது தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் அவள் மனு போட வேண்டும். தவறினால் அந்தத் தொகைக்கு வாரண்டு கிடையாது. ஜீவனாம்சத்துக்கான பழைய 125-ஆம் பிரிவு போய்ப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தும் இந்த வரி பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. நீதிமன்றத்துக்கு விதித்த 60 நாள் வெறும் விருப்பம். அவளுக்கு விதித்த ஒரு வருஷம் இரும்புக் கதவு.

பிரிந்தே தீர வேண்டும் என்று ஆகிவிட்ட திருமணத்துக்கு அதையே காரணமாக்கி விவாகரத்து கொடுங்கள் என்று சட்ட ஆணையம் 1978-லேயே சொன்னது. மசோதா 2013-ல் மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவை கலைந்ததும் காலாவதியானது. இன்றைக்கு அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றம் ஒன்றுக்குத்தான், அரசியல் சாசனத்தின் 142-ஆவது பிரிவின் கீழ். 2023-ல் அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. திருத்துறைப்பூண்டிக்காரி டெல்லிக்கு டிக்கெட் எடுக்கட்டும்.

டெல்லிதான் செய்ய வேண்டும் என்று கைகட்டி நிற்க நம் சட்டமன்றத்துக்கு நியாயம் இல்லை. திருமணமும் விவாகரத்தும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. இதே இந்து திருமணச் சட்டத்தில் 1967-ல் அண்ணா ஆட்சி 7ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கியது. அந்தத் துணிச்சலில் கால் பங்கு இருந்தாலும் போதும். ஜீவனாம்ச பாக்கிக்கும் வீட்டு வரி போலவே மாதம் 1 சதவீதம் போடுங்கள். வாய்தா கேட்கிறவர் எதிர்த்தரப்பின் பஸ் காசையும் ஒரு நாள் கூலியையும் அன்றைக்கே மேஜையில் வைக்கட்டும். கஸ்டடி மனு 60 நாளைத் தாண்டினால் ஏன் தாண்டியது என்று நீதிபதி எழுத்தில் சொல்லட்டும். இல்லையென்றால் இந்த மனுக்கள் இப்போது முடிகிற மாதிரியே முடிந்துகொண்டிருக்கும்: பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைகிறது, மேஜர் ஆகிவிட்டபடியால் மனு முடித்துவைக்கப்படுகிறது, செலவுத்தொகை இல்லை.