மின்னஞ்சல் மீட்பில் மருமக்கள்வழி: ஓர் ஆய்வு

நாஞ்சில் நாட்டில் மருமக்கள்வழி முறை 1926ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தளர்ந்து ஒழிந்தது என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதிவருகிறார்கள். வயலையும் தோப்பையும் பொறுத்தவரை அது சரி. கம்ப்யூட்டர் விஷயத்தில் அந்த முறை இன்றும் நடப்பில் இருப்பதை இந்த ஆய்வு நிறுவும். சொத்து பெற்ற பிள்ளைக்குப் போகாமல் தங்கை பிள்ளைக்குப் போன கூத்தைக் கவிமணி ஒரு மான்மியமே பாடிக் கிண்டலடித்தார். இன்று தேரூரிலோ பறக்கையிலோ ஒரு வீட்டில் மின்னஞ்சல் காணாமல் போனால் சொந்த மகனை யாரும் கூப்பிடுவதில்லை. "தங்கச்சி மவன வரச் சொல்லு" என்பதுதான் வழக்கு.

சான்று, ஆய்வாளரின் சொந்த வீடு. கம்ப்யூட்டர் இழுத்து இழுத்து ஓடுகிறது என்று ஒரு கடையில் கொடுத்தேன். கடைப் பையன் துடைத்து எடுத்துப் புது விண்டோஸ் போட்டுத் தந்தான். வேகம் வந்தது; பதினோரு வருஷத்து அவுட்லுக் கடிதங்கள் போயின. சர்வரில் இருக்குமே என்பார்கள் கற்றவர்கள். ஐமேப் முறையில் இருக்கும். நான் பழைய பாப் கட்சி. தபால்காரர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போன கடிதத்தைத் தபாலாபீசில் தேடி என்ன பயன்?

மருமகன் வந்தான்.

"மாமா, கடையிலேருந்து வந்த பொறவு எத்தன தடவ ஆன் பண்ணுனிய?"

"ரெண்டு மூணு தடவதான் மக்கா. ஒரு படம் பாத்தேன்."

"இனி தொடாண்டாம்."

இந்த ஒற்றை வாக்கியத்துக்கு உரை எழுதவே ஓர் இயல் வேண்டும். அவசர ஃபார்மட்டில் அழிவது கணக்கேடு மட்டும். ஏட்டைக் கிழித்தாலும் பத்தாயத்து நெல் உள்ளேதான் கிடக்கும், அதன்மேல் புது நெல் கொட்டும்வரை. நான் பார்த்த படம் புது நெல். (எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். அழித்த இடத்தை அது பெரும்பாலும் தானே பெருக்கித் துடைத்துவிடும்.)

டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினான். மீட்பு மென்பொருளை அந்த டிஸ்க்கிலேயே ஏற்றக் கூடாதாம். அதுவும் புது நெல். கோப்பின் பெயர் போய்விட்டதே, எப்படி அடையாளம் காண்பாய் என்றேன். ஓலைக்குப் பிள்ளையார் சுழி போல அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்புக்கும் ஒரு சுழி உண்டு. ஓர் ஆச்சரியக்குறி, பிறகு பி, டி, என். அதைத்தான் மென்பொருள் ராத்திரி முழுக்கத் தேடியது. கிடைத்த கோப்பு அங்கங்கே அரித்திருந்தது. அவுட்லுக்கோடு வருகிற ஸ்கேன்பிஎஸ்டி என்ற கருவியால் ஒட்டுப்போட்டான். "1.9 ஜிபி நெறஞ்சிருக்கு மாமா. இது 2002க்காரன் கோப்பு, ரெண்டுக்கு மேல தாங்காது" என்று வேறு திட்டினான். 2003 அவுட்லுக்கிலேயே வரம்பு 20 ஜிபி ஆகிவிட்டதாம். எனக்கு யார் சொன்னார்கள்?

முக்கால் பங்கு மீண்டது. அதில் கணிசமானவை, போகிறதா என்று பார்க்க நானே எனக்கு அனுப்பிய சோதனைக் கடிதங்கள். மஸ்கட்டிலிருந்து கூட்டுக்காரர் ஒருவர், வீட்டு வரிக்கைப் பலா இந்த வருஷம் காய்த்ததா என்று கேட்டதும் வந்தது. பதில் போடாத கடிதம். ஆள் இப்போது இல்லை.

படியெடுத்து வைப்பது நமக்குப் புதிதல்ல. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி படியெடுத்தார், பின்னாளில் முதலியார் ஓலைகளை அ.கா.பெருமாள் நூலாக்கினார். 2011 பிப்ரவரியில் ஜிமெயில் கணக்குகளில் 0.02 சதவீதம் வெறுமையானபோது, கூகுள் சர்வர்களில் வைத்திருந்த படிகளும் அதே மென்பொருள் பிழையில் மாட்டின. காப்பாற்றியது எதிலும் இணையாமல் தனியே கிடந்த டேப்.

நானும் படி வைத்திருந்தேன், அதே டிஸ்க்கின் டி டிரைவில். நம் பாட்டன்மார் விதைநெல்லை வைக்கோலில் பொதிந்து தனியே விதைக்கோட்டை கட்டினார்கள்; சாப்பாட்டு நெல்லோடு பத்தாயத்தில் கொட்டவில்லை. இந்த எளிய விஷயத்தை மருமகன் சொல்லித்தான் ஆய்வாளர் தெரிந்துகொண்டார். இப்போது கன்னிப்பூ அறுப்புக்கு ஒரு தடவை, கும்பப்பூ அறுப்புக்கு ஒரு தடவை என்று இரண்டு வெளி டிஸ்க்குகளில் படியெடுத்து, ஒன்றைத் தங்கை வீட்டில் வைத்திருக்கிறோம். பிறர் பார்க்காமலிருக்க மருமகன் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறான்.

அவன் அடுத்த மாதம் டொரொண்டோவுக்குப் போகிறான். பாஸ்வேர்டை என் மகனிடம் சொல்லிவிட்டுப் போகச் சொன்னேன்.

"அம்மைட்ட சொல்லியிருக்கேன் மாமா" என்றான்.