நெய்வேலி ஜெராக்ஸ் கடைகளின் ரான்சம்வேர் தயார்நிலை: மின்வெட்டு இல்லாமையால் விளையும் கேடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

கணினிக்குள் புகுந்து கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, சாவி வேண்டுமானால் பணம் கட்டு என்று மிரட்டும் நிரலுக்கு ரான்சம்வேர் என்று பெயர். அதைத் தடுக்கவும், தடுக்க முடியாமல் போனால் மீளவும் தாம் எவ்வளவு தயார் என்று அளந்து சொல்ல, பெரிய நிறுவனங்கள் ஆலோசகர்களை அமர்த்துகின்றன. அவர்களும் தடிமனாக ஓர் அறிக்கை தருகிறார்கள். அந்த அறிக்கை அதே கணினியில் சேமிக்கப்படுகிறது.

நெய்வேலி மெயின் பஜார் பக்கம் அப்படி எந்த ஆலோசகரும் தலைகாட்டியதாகத் தெரியவில்லை. ஆனால் இங்குள்ள ஜெராக்ஸ் கடைக் கணினியில் பல வட்டங்களின் ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ், டிஎன்பிஎஸ்சி ஹால் டிக்கெட், அப்ரண்டிஸ் விண்ணப்பம், மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ் ஆகிய அனைத்தும் ‘நியூ ஃபோல்டர் (3)’ என்ற ஒரே தலைப்பின்கீழ் தொகுக்கப்பட்டுள்ளன. இப்பேர்ப்பட்ட ஆவணக் காப்பகத்தை ஆய்வுலகம் கண்டுகொள்ளாமல் விட்டது பெரும்பிழை.

2. முன்னோர் கண்டவை

கோப்பைப் பூட்டிப் பணம் பறிக்கும் இத்தொழில் 1989இல் தொடங்கியது. எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்ற பெயரில் சுமார் 20,000 ஃபிளாப்பிகள் பல நாடுகளுக்குத் தபாலில் போயின. போட்டுப் பார்த்தவரின் கணினி பூட்டிக்கொள்ளும். திறக்க வேண்டுமானால் 189 டாலரைப் பனாமா நாட்டுத் தபால் பெட்டி ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். மிரட்டிப் பிழைப்பவர்களுக்கும் அஞ்சல் துறைமேல் நம்பிக்கை இருந்த காலம் அது.

2017 மே 12 அன்று வன்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகைச் சுற்றி வந்தது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் சிக்கின. பெருமாள் சன்னிதி அப்டேட்டுக்கு மாற்றாகாது என்பது இதனால் நிறுவப்பட்டது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு தலைமைச் செயலகத்தின் பொதுத் துறைக் கணினிகள் பூட்டப்பட்டு 1,950 டாலர் கேட்கப்பட்டது. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸின் ஐந்து சர்வர்கள் விழுந்தன. ஏறத்தாழ இரண்டு வாரம் மருத்துவமனை பேனாவிலும் காகிதத்திலும் நடந்தது. தாக்குதல் தொடாத பேக்கப் சர்வர் ஒன்று இருந்ததால் நோயாளிகளின் பதிவுகள் மீண்டன.

3. கருதுகோள்

2017 ஜூன் 27 அன்று டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை நாட்பெட்யா தாக்கியது. அது ரான்சம்வேர் வேடமிட்ட நாசவேலை. பணம் கட்டினாலும் பூட்டு திறக்காது. யார் யார் உள்ளே நுழையலாம் என்ற பட்டியலை வைத்திருக்கும் சர்வர்கள் மெர்ஸ்க்கிடம் உலகெங்கும் சுமார் 150 இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்பது ஏற்பாடு. எல்லாம் ஒரே வலையில் இருந்ததால் எல்லாம் சேர்ந்தே போயின, ஒன்றைத் தவிர. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிருந்தது. இணைப்பு அறுந்து கிடந்த அந்த ஒரு சர்வரை வைத்துத்தான் நிறுவனம் மீண்டு, பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவியது. அப்படியும் நட்டம் 25 முதல் 30 கோடி டாலர்.

இதிலிருந்து பெறப்படும் கருதுகோள்: மின்வெட்டே உலகின் தலைசிறந்த பேக்கப். அப்படியானால் நெய்வேலியின் நிலை கவலைக்கிடம். பழுப்பு நிலக்கரியை எரித்து ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்பும் டவுன்ஷிப்பில் கரண்ட் போவது அபூர்வம். 2012இல் தமிழ்நாடு மணிக்கணக்கில் இருட்டில் உட்கார்ந்திருந்தபோது, அறியாமலேயே அது கானாவின் பாதுகாப்பைப் பெற்றிருந்தது.

4. களத்தரவு

மாதிரி: ஒரு கடை. கணினியின் சிபியூ நெற்றியில் சென்ற ஆயுத பூஜையின் சந்தனப் பொட்டு உள்ளது. மானிட்டரின் ஓரத்தில் பாஸ்வேர்டு எழுதிய மஞ்சள் சீட்டு. அதன் மேல் செல்லோடேப், அழியாமலிருக்க. விண்டோஸ், யாரோ ஒரு பையன் போட்டுக் கொடுத்தது. ஆன்ட்டிவைரஸ், காலாவதியான நாளிலிருந்து தினமும் காலை ஒரு முறை தன் சாவை அறிவிக்கிறது. வருகிற பென் டிரைவ்கள் எல்லாம் வாசலில் செருப்பை விடாமல் நேரே உள்ளே போகின்றன. ஆண்டு முழுவதும் எரியும் இக்கணினி ஆயுத பூஜையன்று மட்டும் அணைக்கப்படுகிறது. ஆக, கானா அளவிலான பாதுகாப்பு இக்கடைக்கு ஆண்டில் ஒரு நாள் உண்டு.

பேக்கப் குறித்து உரிமையாளரிடம் நேர்காணல் நடத்தப்பட்டது.

“காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களாண்ணே?”

“வெச்சிருக்கேன் சார்.”

“எங்க?”

“டி டிரைவ்ல.”

“அதுவும் இதே கம்ப்யூட்டர்தானே?”

“அது சி டிரைவ் சார். இது டி.”

கூகுள் டிரைவிலும் ஒரு நகல் உண்டு என்று பின்னர் தெரியவந்தது. பூட்டிய கோப்பு அங்கேயும் பூட்டிய கோப்பாகவே போய்ச் சேரும். பழைய பதிப்பை மீட்க வழி உண்டு. ஆனால் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு தெரிந்த பையன் திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

5. தயார்நிலை அளவுகோல்

முதல் நிலை, ‘தம்பி நிலை’: எது வந்தாலும் தம்பி பார்த்துக்கொள்வான். இரண்டாம் நிலை, ‘டி டிரைவ் நிலை’: நகல் உண்டு, அசலோடு சேர்ந்து சாகும். மூன்றாம் நிலை, ‘பீரோ நிலை’: நகல் தனி ஹார்ட் டிஸ்க்கில், ஒயர் கழற்றப்பட்டு, வேறிடத்தில் இருக்கும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்று நிபுணர்கள் சொல்லும் விதியின் சாரம் இதுவே. பண்ருட்டி மாமனார் வீடு வெளியிடம் என்ற தகுதியைப் பெறும்.

ஆய்வுக்கு உட்பட்ட கடை, முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் இடையே ஊசலாடுகிறது.

6. பரிந்துரையும் சோதனையும்

முன்னேற்பாடு நெய்வேலிக்குச் சொல்லித்தர வேண்டியதல்ல. நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இராப்பகலாக இறைத்தால்தான் சுரங்கமே நடக்கும். தண்ணீர் பீறிட்ட பிறகு மோட்டார் வாங்கப் போகிறவர் அங்கே யாருமில்லை. எனவே கடைக்குப் பரிந்துரைக்கப்பட்டவை: அப்டேட் வந்தால் போடுவது, பென் டிரைவைச் சோதித்துத் திறப்பது, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுமுன் ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, ஒயரைப் பிடுங்கி, வீட்டுக்குக் கொண்டுபோவது, மாட்டிக்கொண்டால் இணையத்தைத் துண்டித்துவிட்டு, பணம் கட்டாமல், சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்வது.

உரிமையாளர் சிரத்தையுடன் வெள்ளிதோறும் நகல் எடுத்தார். பிறகு மீட்புச் சோதனை நடந்தது. பீரோவிலிருந்து வந்த ஹார்ட் டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகித் திறந்தால், ஒரு கோப்பும் திறக்கவில்லை. வாரந்தோறும் அவர் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போனவை டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டுகள்.

கருதுகோள் இவ்வாறு திருத்தப்படுகிறது: கழற்றி வைத்தால் மட்டும் போதாது, வேறிடத்தில் திறந்து பார்த்ததே பேக்கப். கானாவில் கரண்ட் போனது மட்டுமல்ல, தப்பிய சர்வரில் சரக்கும் இருந்தது.

இம்முடிவு உரிமையாளருக்கு விளக்கப்பட்டது. அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “இவ்வளவு ரிஸ்க் எதுக்கு சார்? எல்லாத்தையும் பிரிண்ட் அவுட் எடுத்து வெச்சுடுங்க. பக்கத்துக்கு ரெண்டு ரூபாதான்.”