காத்திருப்பவரின் மகிமை

பேஸ்பால் என்னும் அமெரிக்க விளையாட்டில், பந்தெறிபவர் தம் எதிரே நிற்கும் மட்டையாளரைவிட, ஓரத்து வட்டத்தில் மட்டையைச் சுழற்றிக்கொண்டு தம் முறைக்குக் காத்திருக்கும் அடுத்த ஆசாமிக்கே அதிகம் அஞ்சுகிறார் என்பது அந்நாட்டு ரசிக சிகாமணிகளின் நெடுநாளைய சித்தாந்தம். 1961-ல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் ராஜர் மாரிஸ் 61 ஹோம் ரன்கள் அடித்தும், அவரை வேண்டுமென்றே முதல் தளத்துக்கு இலவசமாக அனுப்ப ஒருமுறைகூட எவருக்கும் துணிவு வராமற்போனதற்கு, அவருக்கு அடுத்த மட்டையாளராக மிக்கி மாண்டில் காத்திருந்ததே காரணம் என்று சத்தியம் செய்வார்கள். புள்ளிவிவரப் பண்டிதர்களோ, அடுத்து வருபவரைப் பொறுத்து இவ்விலவச நடை கூடுவதும் குறைவதும் மெய்தான், மற்றபடி மட்டையின் பராக்கிரமத்தில் பெரிய பேதம் தென்படவில்லை என்று கையை விரிக்கிறார்கள். 2004-ல் பாரி பாண்ட்ஸ் என்ற மட்டையாளரை 120 முறை அவ்வாறு வழியனுப்பிவைத்தார்கள்; அடுத்து ஆட வந்த கனவான்கள் அதைத் தங்களுக்குச் செய்த மரியாதையாகக் கொண்டிருக்க நியாயமில்லை.