கால் கழுவிய தண்ணீர்

கேள்வி: 7 வயது மகன் தியானத்தில் ஒரு நிமிஷம்கூட உட்கார மாட்டேன் என்கிறான். பௌத்த வழியை அவனுக்கு எங்கிருந்து தொடங்குவது?

பதில்: புத்தரே தம் மகனைக் கண்ணை மூடச் சொல்லித் தொடங்கவில்லை, திறந்து பார்க்கச் சொன்னார்!

ராஜகிருகத்தை அடுத்த அம்பலட்டிகை என்ற இடத்தில் அவர் மகன் ராகுலன் இருந்தான். அப்போது அவனுக்கும் வயது 7தான் என்கிறது உரை மரபு. தந்தை வருவதைக் கண்டதும் ஆசனம் போட்டு, கால் கழுவத் தண்ணீர் வைத்தான். புத்தர் காலைக் கழுவிவிட்டு, பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் நீரை மிச்சம் வைத்து, ‘தெரிகிறதா?’ என்று கேட்டார். தெரிந்தே பொய் சொல்லக் கூசாதவனிடம் துறவும் அவ்வளவுதான் மிஞ்சும் என்றார். பிறகு அதையும் கொட்டினார். பாத்திரத்தைக் கவிழ்த்தார், நிமிர்த்தினார், வெறுமையைக் காட்டினார். எவ்வளவு பெரிய பாடம், எவ்வளவு சின்னப் பாத்திரம்! அதோடு, முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒவ்வொரு செயலையும் செய்யுமுன், செய்யும்போது, செய்தபின் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

மூச்சைக் கவனிக்கும் தியானம்? புத்தரின் உரைகளைத் தொகுத்த மஜ்ஜிம நிகாயத்தில், ராகுலனுக்கு அது இந்தக் கதை வரும் சூத்திரத்துக்கு அடுத்ததில், 62ஆவதில்தான் வருகிறது. அதற்குள் ராகுலனுக்கு 18 வயது ஆகிவிட்டது என்பது உரை.

துறவிகளுக்கும் பயிற்சி அன்றாடச் செயல்களில்தான். அவர்களின் 75 சேகிய விதிகளை, அதாவது நடத்தைப் பயிற்சி விதிகளைப் பாருங்கள்: வாயில் சோற்றோடு பேசாதே, கையை நக்காதே, ‘சபுசபு’ என்று சத்தமிட்டுச் சாப்பிடாதே. விதிகள் உள்ள பாலி மொழியிலும் அதே சபுசபுதான்! நம் பாட்டிமார் பந்தியில் அதட்டியது இதைத்தானே?

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்: இன்றிரவு அவன் தட்டை அவனே கழுவட்டும். பக்கத்தில் நின்று உங்கள் தட்டை நீங்கள் கழுவுங்கள்.