மொட்டையியல்: ஓர் ஆய்வு முன்னுரை

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பிப்ரவரி பிறந்தால் போதும், நல்ல நிதானமுள்ள மனிதர்கள்கூட ஏணியும் ரம்பமுமாக முன்வாசலுக்கு வந்து, தாங்களே காசு கொடுத்து வாங்கி நட்ட கிரேப் மிர்ட்டில் மரங்களை மொட்டையடிக்கிறார்கள். வேண்டுதல் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. பின் எதற்கு என்பதே இவ்வாய்வின் வினா.

மரத்தின் குலம் கோத்திரம் முதலில். நம் பூமருதுக்குப் பங்காளி. சீனத்துப் பக்கமிருந்து அமெரிக்கா போனது. 1759இல் தாவரவியலாளர் லின்னேயஸ், தன் நண்பர் லாகர்ஸ்ட்ரோமின் பெயரை இதன் பேரினத்துக்கு வைத்தார். பாரி கொடிக்குத் தேர் கொடுத்தான். இவர் நண்பருக்கு மரமே கொடுத்தார். டெக்சஸ் 1997இல் இதை மாநிலப் புதராக அறிவித்தது. மாநிலமே புதர் என்றதால்தான் மக்கள் மரத்தைப் புதராக்கப் பாடுபடுகிறார்கள் என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? அவ்வறிவிப்பு செல்லாத ஜார்ஜியாவிலும் வெட்டு விழுகிறது.

வெட்டினால்தான் பூக்கும் என்பது அடுத்த கட்சி. அதில் பாதி உண்மை. இந்த மரம் அந்தந்த ஆண்டின் புதுத் துளிரில்தான் பூக்கும். ஆனால் வெட்டாத கிளையின் நுனியிலும் வசந்தத்தில் துளிர் வரத்தானே செய்யும்? இவ்விடத்தில் எதிர்க்கட்சியார் பேசுவதில்லை. ஆண்டுதோறும் ஒரே இடத்தில் வெட்டுப்பட்ட கிளையைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: நுனி முட்டியாக வீங்கி, அதிலிருந்து ஈர்க்குச்சிபோல் மெலிந்த தளிர்கள் கொத்தாகக் கிளம்பியிருக்கும். அதன்மேல் பெரிய பூங்கொத்து ஒன்று உட்கார, ஒரு மழை அடித்ததும் எல்லாம் புல்தரையில் தலை கவிழும். ஊரார் இதற்கு ‘கிரேப் மர்டர்’ என்று கொலைப் பெயரே வைத்திருக்கிறார்கள். வைத்துவிட்டு மறு ஆண்டும் வெட்டுகிறார்கள்.

ஆகவே நோய் மரத்துக்கன்று, மனிதருக்கு என்பது நம் துணிபு. அது கண்வழித் தொற்று. எதிர்வீட்டார் சனிக்கிழமை வெட்டினால் ஞாயிறன்று இவருக்குக் கை அரிக்கும். குளிர்காலத்தில் புல் வளராததால் தோட்ட வேலையாட்களுக்கும் கை ஓய்ந்திருக்கும். தொற்று பரவ அது தோதான பருவம்.

மூலகாரணம் ஒன்று எஞ்சுகிறது. ‘நாட்செஸ்’ ரகம் 20 அடியைத் தாண்டி வளரும். அதைக் கொண்டுபோய்ச் சன்னலுக்குக் கீழே நட்டுவிட்டு, சன்னலை மறைக்கிறது என்று மரத்தின்மேல் பழி போடுகிறார்கள். 5 அடியைத் தாண்டாத குட்டை ரகங்களும் அதே நாற்றுப் பண்ணையில்தான் விற்கின்றன.

முறையான கவாத்து மிகச் சலிப்பானது. அதனால்தான் யாரும் செய்வதில்லை. குளிர்கால முடிவில் அடித்தூர்த் தளிர்களையும், பட்டுப்போனவற்றையும், ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் எடுத்தால் வேலை முடிந்தது. விரல் பருமனுக்கு மேற்பட்டதைத் தொடுமுன் நூறு தடவை யோசிக்க வேண்டும். இலையுதிர்காலத்தில் வெட்டவே கூடாது; புதுத் துளிர் கிளம்பினால் பனியில் கருகும். உரியும் பட்டைக்கடியில் இலவங்கப்பட்டை நிறத்தில் வழவழப்பான தண்டு தெரிவது இப்படி விட்டுவைத்த மரத்தில்தான் எடுபடும்.

ஏற்கெனவே முட்டி கட்டிவிட்டதா? மரத்தைத் தரையோடு அறுத்து, கிளம்பும் தளிர்களில் திடமான மூன்று முதல் ஐந்து வரை விட்டு மற்றதை நீக்கலாம். அவை வளர்ந்து நிமிரும்வரை ரம்பத்தை எதிர்வீட்டாருக்கு இரவல் கொடுக்கலாகாது. திருப்பிக் கொடுக்க வரும்போது அவர் கட்டாயம் யோசனை சொல்வார்.